பூத்திருடிக்கு ஒரு தெளிவான முகம்

மாடியைப் பார்க்கத்தானே வந்தே? வாம்மா, உள்ள வா. செருப்பை உள்ளயே விடு, வெளியில விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும். உட்காரு. இந்த ஃபேன் கொஞ்சம் மெதுவாத்தான் சுத்தும், மாடியில இருக்கிறது புதுசு, பிச்சுக்கிட்டு ஓடும். சாவி எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. பால் வாங்கப் போயிருக்கார், பக்கத்துலதான். ஆனா நடுவுல நாலு பேரைப் பார்த்து நின்னு பேசிட்டுத்தான் வருவார்.

மாடி ஏன் காலியாச்சுன்னு கேட்டியே, நல்ல கேள்விம்மா. வீடு பார்க்க வர்றவங்க கேக்கணும். வாசல்ல போர்டைப் பார்த்தியா? டு-லெட் அட்டையைச் சொல்லலம்மா. கேட்டுக்கு இந்தப் பக்கம் பெருசா ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கே, ஒரு பொம்பளை முகம் போட்டு. அதாலதான் மாடி காலியாச்சு. நான் எதையும் மறைக்கிறவ இல்ல. இந்தத் தெருவுல யாரை வேணா கேட்டுப் பாரு. வேணாம், கேக்காதே. இப்பல்லாம் இந்தத் தெருவுக்கே என்னமோ ஒரு சிரிப்பு வந்திருக்கு, வாயைத் திறந்தா சிரிப்புத்தான்.

எல்லாம் அந்தச் செம்பருத்தியால வந்தது. அடுக்குச் செம்பருத்தி, திருச்சியிலேயே இந்த மாதிரி செடி கிடையாது. செடின்னா சொல்றேன், மரமே ஆயிடுச்சு. கழுநீர் ஊத்தி, வெங்காயத் தோல் போட்டு, பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன். ராத்திரி பார்த்தா மரம் பூரா மொட்டு இருக்கும். காலைல நான் வாக்கிங் போயிட்டுத் திரும்பி வந்து பார்த்தா மொட்டையா நிக்கும். மொட்டுலயே பறிச்சுக்கிட்டுப் போறாங்கம்மா! வீட்டுல கொண்டுபோய்த் தண்ணியில போட்டா விரிஞ்சுக்கும்னு அந்தத் தந்திரம் வேற தெரிஞ்சிருக்கு. எனக்கும் தெரியும், நானும் அப்படித்தான் செய்யறேன், அதனால சொல்றேன்.

இல்ல இல்ல, நான் செய்யறது வேற. நான் வாக்கிங் போறப்ப அங்கங்க ரெண்டு நந்தியாவட்டை, ரெண்டு அரளி எடுத்துக்குவேன், சாமிக்குத்தான். காம்பவுண்டைத் தாண்டி ரோட்டுக்கு நீட்டிக்கிட்டிருக்கிற கொப்புல மட்டும்தான் கை வைப்பேன். ரோடு கார்ப்பரேஷனோடது. அதுல தொங்கற பூ யாருது? எல்லாருதும்தான். குடை கொண்டுபோவேன். மழைக்கு இல்லம்மா, திருச்சியில மழை எங்க பெய்யுது? குடையோட கைப்பிடி வளைஞ்சிருக்குல்ல, கொப்பை இழுக்க வசதி. என் மரமும் ரோட்டுப் பக்கம் நீட்டிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா வேர் எங்க இருக்கு? உள்ள இருக்கு. அதை யாராவது யோசிக்கிறாங்களா?

அதனால கேமரா வெச்சேன். எங்க வீட்டுக்காரர், "ரெண்டு பூவுக்குக் கேமராவா சிவபாக்கியம்?"னார். நகையைத் திருடினா இன்னொரு நகை வாங்கலாம், பூஜைக்கு வெச்ச பூவைத் திருடினா என்ன பண்றதுன்னு கேட்டேன். அவருக்கு எல்லாத்துக்கும் சிரிப்புத்தான். இருக்கிறதுலயே சல்லிசான கேமராவா ஒண்ணு மாட்டினோம். மாட்டின மறுநாளே சிக்கிடுச்சு! டிவியில போட்டுப் பார்த்தா, விடிஞ்சும் விடியாத நேரம், மரத்துக்கிட்ட ஒரு உருவம் நிக்குது. சாம்பல் கலர்ல நிக்குது. புடவையா நைட்டியா தெரியல, தலையில குல்லாவா முக்காடா தெரியல. கை மட்டும் மேல போறதும் வர்றதுமா இருக்கு. பொம்பளைதான். அந்தச் சுறுசுறுப்பு ஆம்பிளைக்கு வராது.

டிவியை நிறுத்தி வெச்சு, போன்ல போட்டோ பிடிச்சேன். பிடிச்சு அவருக்கு அனுப்பினேன். அவர் எங்க குடும்ப குரூப்புல போட்டார். மதுரையில என் நாத்தனார் அதை வெட்டி, முகம் மட்டும் எடுத்துத் திருப்பி அனுப்பினா. அதை நான் விரலால விரிச்சேன். விரிக்க விரிக்க என்ன ஆகணும்? தெளிவாகணும்ல? கட்டம் கட்டமா வருதும்மா! லுங்கியை விரிச்ச மாதிரி கட்டம். கண்ணு ஒரு கட்டம், வாய் ஒரு கட்டம், மூக்கைக் காணோம்.

பஸ் ஸ்டாப்பு கிட்ட தவமணின்னு ஒருத்தன் ஸ்டூடியோ வெச்சிருக்கான். கல்யாண போட்டோ, ஃப்ளெக்ஸ் பிரிண்ட் எல்லாம் போடுவான். அவன்கிட்ட போன் எடுத்துக்கிட்டுப் போனேன். இதைத் தெளிவாக்கிக் குடுப்பான்னேன். பார்த்துட்டு, "என்ன மேடம் இது, பூனையா?"ன்னான். எப்படி இருக்கு பாரு! அப்புறம் பெரிய பாடமே எடுத்தான். வாட்ஸ்அப்புல அனுப்பினா படம் இளைச்சிடுமாம், ஒவ்வொரு கை மாறவும் இன்னும் இளைக்குமாம், டாக்குமெண்டா அனுப்பணுமாம். டிவியைப் போட்டோ பிடிச்சதே தப்பாம். கேமராவுல இருந்து அப்படியே எடுத்துக்கிட்டு வாங்கன்னான். சரின்னு கேமரா படம் பதிவாகிற பெட்டியையே கழட்டி, கூடையில வெச்சுத் தூக்கிக்கிட்டுப் போனேன். கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்த்துட்டு மறுபடியும் உதட்டைப் பிதுக்கினான்.

"மேடம், ஆள் தூரத்துல நிக்கிறாங்க, வெளிச்சமும் கிடையாது. முகத்துக்குன்னு மொத்தமே ஒரு கைப்பிடி புள்ளிதான் விழுந்திருக்கு. படத்துல இல்லாததை நான் எங்க இருந்து கொண்டுவர்றது? ஒரு கரண்டி மாவை எவ்வளவு இழுத்தாலும் ஒரு கரண்டி தோசைதான் மேடம். அதுக்கு மேல இழுத்தா ஓட்டைதான் விழும்."

என் தோசையைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? ஒரு கரண்டியில கல்லையே மூடுவேன். சினிமாவுல போலீஸ்காரர் ஒரு தட்டு தட்டினா கார் நம்பரே தெரியுதே, அது மட்டும் எப்படிப்பான்னு கேட்டேன். "அது சினிமா மேடம்"னான். நான் விடுவேனா? தினம் போனேன். கடை திறக்கிறப்ப போய் உட்காருவேன். கல்யாண ஆல்பம் பார்க்க வர்றவங்ககிட்ட எல்லாம் என் கதையைச் சொல்வேன். பொண்ணு மாப்பிள்ளை எல்லாம் கேட்டுட்டு ஆல்பத்தை அப்புறம் பார்க்கிறோம்னு போயிடுவாங்க. ஒரு நாள் தவமணி கையெடுத்துக் கும்பிட்டான்.

"மேடம், ஒரு வழி இருக்கு. ஏஐன்னு வந்திருக்கு. இல்லாத புள்ளியை எல்லாம் அதுவா யோசிச்சு நிரப்பும். ஆனா அது நிரப்பறது நிஜம் கிடையாது, அனுமானம். பரவாயில்லையா?"ன்னான்.

யோசிச்சுப் போட்டா நல்லதுதானே, யோசிக்காமப் போட்டாத்தானே தப்புன்னு சொன்னேன். அப்புறம் மாதிரிக்கு ஒரு நல்ல போட்டோ வேணும்னான். கண்ணு, மூக்கு எங்க இருக்கணும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியணுமாம். யார் போட்டோன்னு கேட்டேன். என் முகத்தையே உத்துப் பார்த்துட்டு, "போன மாசம் பாஸ்போர்ட்டுக்கு நீங்க எடுத்தீங்கள்ல மேடம், கண்ணாடி இல்லாம, அது அப்படியே கிடக்கு, சூப்பர் கிளாரிட்டி. அதையே வெச்சுக்கட்டுமா?"ன்னான். வெச்சுக்கப்பான்னேன். மூக்கு எல்லாருக்கும் நடுவுலதானே இருக்கு, யார் போட்டோவா இருந்தா என்ன? அவனுக்கும் புண்ணியமா போகட்டும்.

சாயந்திரம் போனா, அடடா! என்ன தெளிவுங்கிறே! புருவத்துல ஒவ்வொரு முடியும் எண்ணலாம். முப்பது, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வழவழன்னு கன்னம், ஒரு சுருக்கம் கிடையாது, நல்ல மூக்கு. நான் எதிர்பார்க்கவே இல்ல, களவாணின்னா ஒரு முழியாவது இருக்கும்ல? இது குடும்பப் பொண்ணு மாதிரி இருக்கு. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் பார்த்தேன். ஏன்னா இந்த முகத்தை நான் பார்த்திருக்கேன். எங்கேயோ இல்ல, ரொம்பக் கிட்டத்துல. தினம் பார்க்கிற முகம். தவமணிகிட்ட, "இவளை எனக்குத் தெரியும்பா"ன்னேன். அவன் திடீர்னு திரும்பிக்கிட்டு இருமினான், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு இருமினான். ஏசி ஒத்துக்கலையாம்.

பெருசா ஃப்ளெக்ஸ் போட்டோம். 'இந்த வீட்டில் பூ திருடுபவர் இவரே. இந்த முகத்தை எங்கு கண்டாலும் தெரிவிக்கவும்'னு எழுதி, கீழ என் நம்பர். எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு, "நல்லாருக்கு, கல்யாணமான புதுசுல இருந்த மாதிரியே இருக்கு"ன்னார். யாருக்குக் கல்யாணம், என்ன புதுசுன்னு கேட்டேன். மனுஷன் ஒரு வாரம் தனியா சிரிச்சுக்கிட்டிருந்தார்.

போர்டு வெச்சதும் போன் வந்துச்சு பாரு, அப்படி வந்துச்சு. எல்லாம் பொறுப்பான ஜனங்க. ஒருத்தன் கூப்பிட்டு, "அம்மா, நீங்க தேடற ஆளைக் காந்தி மார்க்கெட்ல பார்த்தேன், இப்பத்தான் வாழைக்காய்க்குப் பேரம் பேசிக்கிட்டிருக்காங்க"ன்னான். நான் அப்ப எங்க நிக்கிறேன்? அதே காந்தி மார்க்கெட்ல, அதே வாழைக்காய்க் கடையில! சுத்தி முத்திப் பார்த்தேன், ஆளைக் காணோம். மயிரிழையில தப்பிச்சிட்டா. பை எல்லாம் அப்படியே போட்டுட்டு ஓடினேன்.

அடுத்த தெருவுல சிங்காரவேலு சார்னு இருக்கார், காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவர். அவர் வீட்டு நந்தியாவட்டை ரோட்டுக்கு நல்லா நீட்டிக்கிட்டிருக்கும். அவர் ஒரு நாள் தேடிக்கிட்டு வந்து, வாசல்லயே நின்னு போர்டைக் கும்பிட்டார். "அம்மா, இந்த மாதிரி பெரிய மனசு யாருக்கும் வராது. நானும் உங்க மேல கோபமாத்தான் இருந்தேன். இதைப் பார்த்ததும் மனசு இளகிடுச்சு. இனிமே நானே ஒரு கிண்ணம் பூ பறிச்சு கேட்டுல வெச்சிடறேன், நீங்க எடுத்துக்குங்க. கொப்பை மட்டும் ஒடிச்சிடாதீங்க"ன்னார். அவருக்கு என் மேல என்ன கோபம்? எனக்கு ஒண்ணும் விளங்கல. வயசாயிடுச்சு, பாவம். ஆனா சொன்ன மாதிரியே தினம் பூ வெச்சிடறார், நல்ல மனுஷன்.

சரி, மாடிக்கு வர்றேன். மாடியில ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு இருந்தா. தூத்துக்குடிப் பக்கம், இங்க ஆஸ்பத்திரியில நர்ஸ். அந்த முகத்தை தினம் பார்க்கிறேன்னு சொன்னேன்ல? வீட்டுல வந்து படுத்துக்கிட்டு யோசிச்சேன். தினம் நான் பார்க்கிற முப்பது வயசு முகம் எது? மாடிப்படி ஏறி இறங்கற முகம்தானே? கணக்கு உதைக்கவே இல்ல. வேதக்கார பொண்ணு, அதுக்கு எதுக்குச் செம்பருத்தின்னு நீ கேப்பே. எங்க வீட்டுக்காரரும் கேட்டார். மாதாவுக்கு மாலை போட மாட்டாளா? தலைக்கு அரைச்சுத் தேய்க்க மாட்டாளா? அந்த முடியைப் பார்த்திருக்கணும் நீ, இடுப்புக்குக் கீழ தொங்கும். சும்மா வருமா அப்படி?

கூப்பிட்டு போனைக் காட்டினேன். "இந்த முகத்தை எனக்குத் தெரியும் ஜெசிந்தா, உனக்குத் தெரியுமா?"ன்னேன். வாங்கிப் பார்த்தா. பார்த்துட்டுச் சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு! படியில உட்கார்ந்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. "ஆன்ட்டி, இது நீங்க!"ங்கிறா. எனக்கு எப்படி இருக்கும்? என் வீட்டுல குடியிருந்துக்கிட்டு, என் பூவையும் பறிச்சுக்கிட்டு, என்னையே திருடிங்கிறா! நான் வாயே திறக்கல. இல்ல, திறந்தேன். கொஞ்சம் திறந்தேன்.

அதுக்கப்புறம் ஒரு சாயந்திரம் பார்க்கிறேன், கேட்டுல ஏறி நின்னுக்கிட்டு ஃப்ளெக்ஸ் கயித்தை அவுத்துக்கிட்டிருக்கா. கையும் களவுமா பிடிச்சிட்டேன். என்னடி பண்றேன்னேன். அழறா! "தெருவே நின்னு சிரிச்சிட்டுப் போகுது ஆன்ட்டி, என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல"ங்கிறா. யாரைப் பார்த்துச் சிரிக்குது? அவளைப் பார்த்துத்தானே? குற்றம் உள்ள மனசு, குறுகுறுக்குது. பூத்திருடி என் வீட்டுல இருக்க வேணாம், கிளம்புன்னு சொல்லிட்டேன். சொன்னப்ப நாலு பேர் வேற நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. அவ மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து, சாவியை நீட்டிட்டு, "ஆன்ட்டி, பிரஷர் மாத்திரையை மறந்துடாதீங்க, சாப்பிட்ட பிறகு போடுங்க"ன்னா. திருடிக்கு என்ன அக்கறை பாரு.

அவ போன பிறகும் மொட்டு காணாமத்தான் போகுது. அந்த ஆஸ்பத்திரியில நாலு பேரைப் பழக்கி விட்டிருப்பா போல.

என்னம்மா, நான் அழறேனா? இல்ல, தூசி. சரி, மறைக்கல, அழுதேன்தான். சாயந்திரம் ஆனா கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும்மா. ட்யூட்டி முடிஞ்சு வந்ததும் படியில நின்னு, "ஆன்ட்டி, காபி போட்டாச்சா?"ம்பா. தெருமுனைக்கே கேக்கும். போட்டாச்சு, வாடீன்னா வந்து உட்கார்ந்துக்குவா. ஆஸ்பத்திரிக் கதை எல்லாம் சொல்லுவா. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப லீவு போட்டுட்டுக் கூட இருந்தா. எனக்குப் பொண்ணு இருக்கா, சிங்கப்பூர்ல. மாசத்துக்கு ஒருக்கா வீடியோவுல வருவா, அதுவும் பாதி நேரம் கட்டம் கட்டமா வருவா. நான் சொன்னதுல ஒண்ணும் தப்பு இல்லம்மா, ஆனா வலிக்குது. ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்குதுன்னு எனக்குப் புரியல.

இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. சாயந்திரம் கோலம் போடப் போறப்ப அந்த போர்டு முன்னால நின்னு பார்ப்பேன். பார்த்தா கோபம் வரணும்ல? வர மாட்டேங்குது. ஜெசிந்தா முகம்னு நினைச்சுத்தான் பார்க்கிறேன், ஆனா உத்துப் பார்த்தா ஜெசிந்தா ஜாடையே இல்ல. பாவமா இருக்கு. நல்ல முகம்மா. யாரு பெத்த பொண்ணோ. கேட்டிருந்தா நானே ஒரு கூடை பறிச்சுக் குடுத்திருப்பேன். கேக்காம ஏன் எடுக்கணும்?

என்னம்மா? என்ன கேட்டே? சத்தமா கேளு.

போர்டுல இருக்கிறது என் சின்ன வயசு போட்டோவான்னா கேக்கறே?

அதுல எழுதியிருக்கிறதை நீ படிக்கலையா? வெயில் அடிச்சதா, எழுத்து தெரியலையா? முகத்தை மட்டும்தான் பார்த்தியா? பார்த்துட்டு, யாருக்கோ பிறந்தநாள் போர்டு போலன்னு நினைச்சியா? கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்துட்டு, இவங்களுக்குத்தான்னு நினைச்சுக்கிட்டியா?

இரும்மா. நீ இந்தத் தெரு இல்ல. தவமணியைத் தெரியுமா? தெரியாது. ஜெசிந்தாவைத் தெரியுமா? அதுவும் தெரியாது. என் மேல உனக்குக் கோபம் இல்ல, சிரிக்கக்கூட இல்லையே நீ. அப்புறம் எப்படிம்மா அவ சொன்னதையே நீயும் சொல்றே?

வந்துட்டீங்களா? பாலை அங்க வைங்க, இங்க வாங்க. இந்தப் பொண்ணு ஒண்ணு கேக்குது. போர்டுல இருக்கிறது யாரு? சிரிக்காதீங்க. வாயைத் திறந்து சொல்லுங்க, யாரு?

அன்னிக்கே தெரியுமா? ஏங்க சொல்லல? சொன்னா நான் கேட்டிருப்பேனான்னா? அதுக்காக? அந்தப் புள்ளையை வாசல்ல நிக்க வெச்சு நான் கேட்ட கேள்வியை எல்லாம் நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? "ஆன்ட்டி, இது நீங்க"ன்னு அவ ஒருத்திதான் என் மூஞ்சிக்கு நேரா சொன்னா. அய்யோ, அந்தக் கயித்தை அவ எதுக்கு அவுத்தா? என்னைப் பார்த்து ஊர் சிரிக்கக் கூடாதுன்னு அவுத்திருக்கா. அவளைப் போய்த் திருடின்னுட்டேனே. தவமணியை நாளைக்குப் பார்த்துக்கிறேன், இனிமே பாஸ்போர்ட் போட்டோவுக்கு அவன்கிட்ட போறேனா பாருங்க. முதல்ல போனைக் குடுங்க. அவ நம்பரைப் போட்டுக் குடுங்க, எனக்குக் கண்ணு தெரியல.

நீ எங்கம்மா எழுந்துட்டே? மாடியா? மாடி காலி இல்லம்மா. ஆள் இருக்கு. கொஞ்சம் வெளியில போயிருக்கா, வந்துருவா. தப்பா நினைச்சுக்காதே, நல்ல பொண்ணா இருக்கே, உனக்கு வேற நல்ல வீடா கிடைக்கும். போறப்ப அந்த டு-லெட் அட்டையை மட்டும் கழட்டி உள்ள போட்டுட்டுப் போறியா?

ரிங் போகுது. என்னங்க, எடுப்பாளா? எடுக்க மாட்டாளோ?

ஹலோ. ஜெசிந்தாவா? நான்தான்டி. பூத்திருடி பேசறேன்.